பட்டம் தருவது யார்? பாடம் தருவது யார்?: பெங்களூருவில் இசைக் கல்லூரி தேடும் மாணவர்கள்

பெங்களூரு: பிளஸ் 2 முடித்த மாணவர் பொறியியல் படிக்க விரும்பினால் அவருக்கு முன் ஒரு பாதை போடப்பட்டிருக்கிறது. கலந்தாய்வு, தரவரிசைப் பட்டியல், கட்டண நிர்ணயக் குழு, அங்கீகாரம் வழங்கும் அகில இந்தியக் கவுன்சில் என அடுக்கடுக்கான ஏற்பாடுகள் உள்ளன. இசையையே வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் மாணவருக்கு இவற்றில் பெரும்பாலானவை இல்லை. மத்திய அரசு வெளியிடும் தேசியத் தரவரிசைப் பட்டியலில் இசைக் கல்லூரிகளுக்கெனத் தனிப் பிரிவே கிடையாது.

இந்த வெற்றிடத்தின் விளைவை பெங்களூருவில் கண்கூடாகக் காணலாம். கர்நாடக சங்கீதம், இந்துஸ்தானி, மேற்கத்திய சாஸ்திரிய இசை, ஜாஸ், ராக், திரையிசை, ஒலிப்பதிவுத் தொழில்நுட்பம் என எதைக் கற்க விரும்பினாலும் இந்நகரில் வகுப்பு உண்டு. ‘அகாதெமி’, ‘இன்ஸ்டிடியூட்’, ‘ஸ்கூல் ஆப் மியூசிக்’, ‘கன்சர்வேட்டரி’ எனப் பெயர்ப்பலகைகளுக்கும் குறைவில்லை. எல்லையை ஒட்டிய ஓசூர், கிருஷ்ணகிரி பகுதிகளில் உள்ள தமிழ் மாணவர்களுக்கும் பெங்களூருதான் எட்டும் தூரத்தில் உள்ள பெருநகரம். ஆனால், அந்தப் பெயர்ப்பலகைகளில் உள்ள சொற்களுக்குச் சட்டத்தில் என்ன பொருள்?

சட்டம் காக்கும் சொல்

1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. நாடாளுமன்றமோ சட்டமன்றமோ இயற்றிய சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், பட்டம் வழங்க நாடாளுமன்றத்தால் தனியாக அதிகாரம் பெற்ற நிறுவனம் ஆகியவை மட்டுமே பட்டம் வழங்க முடியும் என்கிறது 22-ஆவது பிரிவு. ‘பல்கலைக்கழகம்’ என்னும் சொல்லைத் தகுதியில்லாதவர் பெயரில் சேர்க்கக் கூடாது என்கிறது 23-ஆவது பிரிவு. மீறினால் 24-ஆவது பிரிவின்படி அபராதம் உண்டு. அதிகபட்சம் ஆயிரம் ரூபாய்.

அதாவது, ‘பல்கலைக்கழகம்’ என்ற சொல்லுக்குச் சட்டத்தின் காவல் இருக்கிறது. ‘கன்சர்வேட்டரி’, ‘அகாதெமி’ போன்ற சொற்களுக்கு இச்சட்டத்தில் அத்தகைய காவல் இல்லை. இரண்டு அறைகளும் நான்கு கீபோர்டுகளும் உள்ளவரும் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம். உலகத்தரத்தில் பயிற்சி அளிக்கும் நிறுவனமும் அதே பெயரில் இயங்கலாம். பெயரைக் கொண்டு இரண்டையும் பிரித்தறிய முடியாது.

தனியார் இசை நிறுவனம் சான்றிதழோ டிப்ளமோவோ வழங்குவதில் தவறேதுமில்லை. அதைப் பட்டம் என்று நினைத்துக் குடும்பம் சேமிப்பைக் கரைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. முதுகலைப் படிப்பில் சேர இளநிலைப் பட்டம் வேண்டும். உதவிப் பேராசிரியராகப் பொதுவாக முதுகலைப் பட்டமும் ‘நெட்’ அல்லது மாநிலத் தகுதித் தேர்வில் வெற்றியும் வேண்டும். அரசுப் பள்ளி இசையாசிரியர் பணிக்கு அரசு அங்கீகரித்த சான்றிதழ் வேண்டும். மேடையில் எவ்வளவு திறமை காட்டினாலும் இந்த வாசல்கள் வெறும் டிப்ளமோவுக்குத் திறப்பதில்லை.

மேற்கத்திய இசை பயில்வோருக்கு இன்னொரு தடையும் உண்டு. ‘நெட்’ தேர்வின் இசைப் பாடத்தில் இந்துஸ்தானி, கர்நாடக சங்கீதம், தாளவாத்தியம், ரவீந்திர சங்கீதம் ஆகிய பிரிவுகள் உள்ளன. மேற்கத்திய இசைக்கெனத் தனிப் பிரிவு இல்லை. எனவே, பியானோவிலும் வயலினிலும் தேர்ந்தவர்கள் லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட டிரினிட்டி, ஏ.பி.ஆர்.எஸ்.எம். அமைப்புகளின் 8 நிலைத் தேர்வுகளையே அளவுகோலாகக் கொள்கின்றனர். இளையராஜா டிரினிட்டியின் கிடார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றதைத் தமிழர்கள் அறிவர். வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க இத்தேர்வுகள் உதவும். ஆனால், இந்தியாவில் இவை பல்கலைக்கழகப் பட்டத்துக்கு ஈடாகா.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துடன் ‘இணைந்து’ நடத்துவதாகக் கூறும் படிப்புகளிலும் எச்சரிக்கை தேவை. வெளிநாட்டுக் கல்வித் தகுதிகளுக்குச் சமநிலை வழங்குவதற்கான விதிமுறைகளை யு.ஜி.சி. 2025 ஏப்ரலில் அறிவிக்கை செய்தது. உரிமம் பெற்று உள்ளூர் நிறுவனம் நடத்தும் ‘பிரான்சைஸ்’ முறைப் படிப்புகளுக்கு அதில் அங்கீகாரம் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

ஆதரவற்றோர் இல்லத்தில் பிறந்த சொல்

‘கன்சர்வேட்டரி’ என்ற சொல்லின் வரலாறு இன்றைய விளம்பரங்களுக்கு நேர் எதிரானது. இத்தாலிய மொழியில் ‘கன்சர்வத்தோரியோ’ என்றால் பேணிக் காக்கும் இடம். 16-ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரில் ஆதரவற்ற குழந்தைகளைப் பேணிய இல்லங்களின் பெயர் அது. பிழைப்புக்கு ஒரு தொழில் வேண்டும் என்பதற்காக அக்குழந்தைகளுக்கு இசை கற்பிக்கப்பட்டது. தேவாலயங்களும் நாடக அரங்குகளும் அவர்களுக்கு வேலை தந்தன. காலப்போக்கில் இல்லத்தின் பெயரே இசைக் கல்லூரியின் பெயராயிற்று.

அரசியல் வரலாற்றிலும் இச்சொல்லுக்கு இடமுண்டு. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1795-ல், தேசிய மாநாட்டு அவை பாரிஸ் கன்சர்வேட்டரியை நிறுவியது. அரண்மனைக்கும் தேவாலயத்துக்கும் சொந்தமாக இருந்த இசைப் பயிற்சி குடியரசின் பொறுப்பாக மாறியது. ‘தொழில்முறை இசைக்கலைஞரை உருவாக்குவது அரசின் கடமை’ என்னும் கருத்துக்கு அங்கிருந்துதான் வலுவான அடித்தளம் கிடைத்தது.

அக்கருத்து இன்றும் பல நாடுகளில் உயிருடன் இருக்கிறது. ஜெர்மனியின் அரசு இசைக் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் படிப்புக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வசூலிக்கிறது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1924-ல் தொடங்கப்பட்ட கர்ட்டிஸ் கல்லூரி ஒரு தனியார் அறக்கட்டளையின் கல்லூரிதான். ஆயினும், 1928 முதல் அது மாணவர்களிடம் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. பணம் உள்ளவரைத் தேடாமல், திறமை உள்ளவரைத் தேட வேண்டும் என்பதே இதன் அடிப்படை.

மன்னர்கள் முதல் மாநில அரசு வரை

இந்தியாவில் இசைக் கல்வி நிறுவனங்களை முதலில் ஆதரித்தவர்கள் சமஸ்தான மன்னர்கள். பரோடாவில் மூன்றாம் சாயாஜிராவ் ஆட்சியில் மௌலா பக்ஷ் தலைமையில் 1886-ல் இசைப் பள்ளி தொடங்கப்பட்டது. லாகூரில் 1901-ல் விஷ்ணு திகம்பர் பலுஸ்கர் தொடங்கிய காந்தர்வ மகா வித்யாலயம் மக்களின் நன்கொடையால் வளர்ந்தது. ஆசான் வீட்டுத் திண்ணையைத் தாண்டி, பாடத்திட்டமும் தேர்வும் கொண்ட பொதுப் பள்ளிக்கு இசை நகர்ந்தது.

தமிழகத்தில் அண்ணாமலை செட்டியார் 1929-ல் சிதம்பரத்தில் இசைக் கல்லூரியை நிறுவினார். அங்கிருந்துதான் 1940-களில் தமிழிசை இயக்கம் எழுந்தது. மேடையில் எந்த மொழிப் பாடல் ஒலிக்க வேண்டும் என்ற கேள்வி, கல்லூரியில் என்ன கற்பிக்கப்படுகிறது என்ற கேள்வியுடன் பின்னிப் பிணைந்தது என்பதை அந்த இயக்கம் உணர்த்தியது. சென்னையில் 1949-ல் அரசின் மத்திய கர்நாடக இசைக் கல்லூரி உருவாயிற்று. முசிறி சுப்பிரமணிய ஐயர் அதன் முதல் முதல்வரானார்.

2013-ல் தமிழ்நாடு அரசு இசை, கவின்கலைகளுக்கெனத் தனிப் பல்கலைக்கழகத்தைச் சட்டத்தின் மூலம் அமைத்தது. ஆளுநருக்குப் பதில் முதலமைச்சரே அதன் வேந்தர் என்பது அச்சட்டத்தின் தனிச்சிறப்பு. துணைவேந்தர் நியமனம் தொடர்பாக ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் மோதல் முற்றியிருந்த 2023-ஆம் ஆண்டில், இப்பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழாவில் பாடகி பி.சுசீலாவுக்கு மதிப்புறு முனைவர் பட்டத்தை முதல்வர் மு.க.ஸ்டாலின் வேந்தர் என்ற முறையில் வழங்கினார்.

பெங்களூருவின் கதை

பெங்களூருவுக்கு இசை மரபு புதிதன்று. கான சமாஜம் 1905-ல் தொடங்கப்பட்டது. ராமநவமிக் கச்சேரிகளுக்குப் புகழ்பெற்ற ராமசேவா மண்டலி 1939-ல் தோன்றியது. வயலின் வடிவில் எழுந்த சௌடையா நினைவு மண்டபம் 1980-ல் திறக்கப்பட்டது. மைசூர் மன்னர் ஜெயசாமராஜ உடையார் மேற்கத்திய இசையில் தேர்ந்தவர். ரஷ்ய இசையமைப்பாளர் நிக்கோலாய் மெட்னரின் படைப்புகளை ஒலிப்பதிவு செய்ய நிதி வழங்கியவர். மைசூர் அரண்மனை இசைக்குழுவின் மரபைக் கர்நாடக மாநிலக் காவல்துறையின் இசைக்குழு இன்றும் தாங்கி நிற்கிறது.

ஆனால், கேட்க மேடைகளைக் கட்டிய அளவுக்குக் கற்கக் கல்லூரிகளை இந்நகரில் அரசு கட்டவில்லை. மிருதங்க வித்வான் டி.ஏ.எஸ்.மணி 1964-ல் தொடங்கிய கர்நாடகத் தாளவாத்தியக் கல்லூரியும், அருணா சுந்தர்லால் 1987-ல் தொடங்கிய பெங்களூரு இசைப் பள்ளியும் தனிமனிதர்களின் முயற்சியால் எழுந்தவை. முன்னது தென்னிந்தியத் தாளக்கலையை ஐரோப்பிய ஜாஸ் மேடைகள் வரை கொண்டு சென்றது. பின்னது மேற்கத்திய சாஸ்திரிய இசைக்கு இந்நகரில் நிலையான முகவரியை ஏற்படுத்தியது. 2019-ல் ஜெ.பி.நகரில் திறக்கப்பட்ட இந்திய இசை அருங்காட்சியகமும் ஓர் அறக்கட்டளையின் முயற்சியே.

கர்நாடக அரசு, இசைக்கும் நிகழ்த்துகலைகளுக்கும் கங்குபாய் ஹங்கல் பெயரில் பல்கலைக்கழகம் அமைத்தது. ஆனால், அது இருப்பது ஏறத்தாழ 145 கி.மீ. தொலைவில் உள்ள மைசூருவில். தலைநகரில் பட்டம் வேண்டுவோர் பெங்களூரு பல்கலைக்கழகத்தின் நிகழ்த்துகலைத் துறையையோ, ரேவா போன்ற தனியார் பல்கலைக்கழகங்களையோ நாட வேண்டும். எஞ்சிய பரப்பு முழுவதும் தனியார் அகாதெமிகளின் கையில் இருக்கிறது.

பாடம் தருவது யார்?

பட்டம் இருந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதே இசைத்துறையின் அனுபவம். பட்டம் தரும் துறைகளில் ஒரே வகுப்பில் பலர் சேர்ந்து பாடும் நிலை இருக்கலாம். மூன்றாண்டுகளில் கீர்த்தனைகளின் எண்ணிக்கை கூடும். தனித்து மேடையேறும் துணிவு கூடாது. மறுபுறம், பட்டமே தராத நிறுவனத்தில் தேர்ந்த ஆசான் ஒருவர் நாள்தோறும் அருகிருந்து திருத்தக்கூடும்.

உலகின் தரமான கன்சர்வேட்டரிகளைப் பிற கல்லூரிகளிலிருந்து பிரிப்பது இந்த ஓர் அம்சமே. அங்கு அனுமதி மதிப்பெண்ணால் கிடைப்பதில்லை; வாசித்துக் காட்டியே இடம் பெற வேண்டும். சேர்ந்தபின், முதன்மை வாத்தியத்தில் ஆசிரியரிடம் வாரந்தோறும் தனிப்பாடம் உண்டு. அத்துடன் செவிப்பயிற்சி, இசைக்கோட்பாடு, குழுவாகச் சேர்ந்து வாசித்தல் ஆகியவை கட்டாயம். கர்நாடக சங்கீதத்தின் குருகுல முறையும் இதே கொள்கையின் வேறு வடிவம்தான். ஒரு குருவின் காது ஒரு மாணவரின் குரலைத் தொடர்ந்து கேட்பதே இரண்டிலும் அடிப்படை.

எனவே, நிறுவனத்தின் விளம்பரக் கையேட்டில் பிரபலங்களின் படங்கள் எத்தனை என்பது முக்கியமல்ல. அவர்களில் யார் வாரந்தோறும் வகுப்புக்கு வருகிறார், யார் ஆண்டுக்கொரு முறை வந்து உரையாற்றிவிட்டுச் செல்கிறார் என்று கேட்க வேண்டும். தனிப்பாட நேரம் எத்தனை, பயிற்சி அறை எத்தனை மணி வரை திறந்திருக்கும், சொந்த வாத்தியம் இல்லாத மாணவருக்கு என்ன ஏற்பாடு என்பவை அடுத்த கேள்விகள். தயங்காமல் விடை சொல்லும் நிறுவனத்தை ஓரளவு நம்பலாம்.

படித்தபின் மேடை எங்கே?

ஐரோப்பியக் கன்சர்வேட்டரிகளுக்கு வெளியே அரசு நிதி பெறும் சிம்பொனி இசைக்குழுக்களும் ஓபரா அரங்குகளும் காத்திருக்கின்றன. இந்தியாவில் நிலைமை வேறு. மும்பையில் தேசிய நிகழ்த்துகலை மையத்தில் 2006-ல் தொடங்கப்பட்ட இந்திய சிம்பொனி இசைக்குழுவே நாட்டின் ஒரே தொழில்முறைச் சிம்பொனி இசைக்குழுவாக அறியப்படுகிறது. அதிலும் வெளிநாட்டுக் கலைஞர்களே மிகுதி. 2025 மார்ச் 8 அன்று இளையராஜாவின் ‘வேலியண்ட்’ சிம்பொனி லண்டனில் அரங்கேறியபோது அதை வாசித்தது ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு. படைப்பாளியைத் தந்த தமிழகத்தில் அத்தகைய முழுநேர இசைக்குழு ஒன்று இல்லை.

சாஸ்திரிய இசைக்கு ஆகாசவாணி இன்றும் ஒரு நுழைவாயில். பி.வி.கேஸ்கர் 1952 முதல் 1962 வரை தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த காலத்தில் கலைஞர்களுக்கான குரல் தேர்வு முறை வலுப்படுத்தப்பட்டது. அப்போது இசைவாணர்களிடையே கடும் எதிர்ப்பும் எழுந்தது. இன்று ‘பி’, ‘பி-ஹை’, ‘ஏ’, ‘டாப்’ எனும் தரவரிசை சபாக்களிலும் மதிக்கப்படுகிறது. அத்தேர்வில் பட்டச் சான்றிதழைக் கேட்பதில்லை, பாட்டைத்தான் கேட்கிறார்கள்.

திரைத்துறையில் ஒரு காலத்தில் வயலின் கலைஞர்கள் வரிசையாக அமர்ந்து வாசித்த ஒலிப்பதிவுக் கூடங்களின் வேலையைக் கீபோர்டும் கணினியும் பெருமளவு எடுத்துக்கொண்டன. செயற்கை நுண்ணறிவு அதை மேலும் சுருக்கும் என்ற அச்சம் இருக்கிறது. எனவே, ஒரு வாத்தியத்தை மட்டும் கற்றவர் பிழைப்பது கடினம். ஒலிப்பதிவு, இசைக்கோப்பு, கற்பித்தல் ஆகியவற்றுடன் ஒப்பந்தச் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 2012-ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம், திரைப்படப் பாடல்களை எழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டியில் தங்களுக்குரிய பங்கைத் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுக்க முடியாதபடி பாதுகாக்கிறது. இதைக் கற்பிக்காத கல்லூரி, மாணவரை ஆயுதமின்றிக் களத்துக்கு அனுப்புகிறது.

கட்டணமும் வரியும்

தனியார் கட்டணத்துடன் வரியும் சேர்கிறது. கலை, பண்பாட்டுப் பயிற்சிக்கு இருந்த ஜி.எஸ்.டி. விலக்கு, 2022 ஜூலை 18 முதல் தனிநபர் அளிக்கும் பயிற்சிக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. வரி வரம்புக்குள் வரும் நிறுவனத்தில் சேரும் மாணவரின் கட்டணத்தில் 18 சதவீத வரி ஏறக்கூடும். அறிவிக்கப்பட்ட கட்டணம் வரியுடனா, வரியின்றியா என்று முன்கூட்டியே கேட்பது நல்லது.

உதவித்தொகையோ சிறிது. மத்திய கலாசார அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையிலான இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டாண்டுகளுக்கு வழங்குகிறது. இசை, நடனம், நாடகம், ஓவியம், நாட்டுப்புறக் கலை அனைத்துக்கும் சேர்த்து நாடு முழுவதும் ஒரு தொகுப்புக்கு அதிகபட்சம் 400 பேருக்கே இது கிடைக்கும்.

வெளிநாடு செல்வோருக்கும் கணக்கு எளிதல்ல. கட்டணமில்லாத ஜெர்மனிக்குச் செல்லவும் மொழித் தேர்ச்சி வேண்டும். நுழைவுத் தேர்வில் வாசித்துக் காட்ட வேண்டும். விசாவுக்காக, வாழ்க்கைச் செலவுக்கென ஆண்டுக்கு 11,904 யூரோ முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும் என்று 2024 செப்டம்பரில் நிர்ணயிக்கப்பட்டது. வசதியற்ற குடும்பத்துக்கு இது கதவை மூடுவதற்குச் சமம்.

எல்லைக்கு இப்பால்

ஓசூர் மாணவருக்கு பெங்களூரு ஏறத்தாழ 40 கி.மீ.; சென்னை 300 கி.மீ. ஆனால், தூரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் கலை பண்பாட்டுத் துறையின் கீழ் 17 மாவட்ட அரசு இசைப் பள்ளிகள் இயங்குகின்றன. குரலிசை, வயலின், மிருதங்கத்துடன் நாகஸ்வரம், தவில், தேவாரம் ஆகியவையும் குறைந்த கட்டணத்தில் கற்பிக்கப்படுகின்றன. கிருஷ்ணகிரியிலும் ஒரு பள்ளி உண்டு. சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய இடங்களில் அரசு இசைக் கல்லூரிகள் உள்ளன. நாகஸ்வரமும் தவிலும் கற்க விரும்பும் ஏழை மாணவருக்கு, பளபளப்பான தனியார் அகாதெமியைவிட இந்த அரசுப் பள்ளிகளே நம்பகமான வாசல்.

மேற்கத்திய இசையில் தனியார் முயற்சி ஒன்றும் கவனத்துக்குரியது. ஏ.ஆர்.ரஹ்மான் 2008-ல் சென்னையில் கே.எம். இசைக் கன்சர்வேட்டரியைத் தொடங்கினார். பின்தங்கிய குடும்பங்களின் குழந்தைகளுக்கு இலவசமாகப் பயிற்சி அளிக்கும் ‘சன்ஷைன்’ இசைக்குழு அதன் அங்கமாக உருவானது. நேப்பிள்ஸ் இல்லங்களின் பழைய பொருளுக்கு நெருக்கமானது இந்தப் பணி. எனினும், ஒரு கலைஞரின் நல்லெண்ணம் அரசின் கொள்கைக்கு மாற்றாகிவிடாது.

அரசுகள் செய்ய வேண்டியது

அரசுகள் உடனடியாகச் செய்யக்கூடியவை அதிகச் செலவு பிடிப்பவை அல்ல. இசைப் படிப்பு நடத்தும் ஒவ்வொரு நிறுவனமும் தன் சான்றிதழின் சட்டத் தகுதி, வரியுடன் கூடிய மொத்தக் கட்டணம், நிரந்தர ஆசிரியர் பட்டியல், இடையில் விலகினால் திரும்பக் கிடைக்கும் தொகை ஆகியவற்றை வெளியிட வேண்டும் என்று கட்டாயமாக்கலாம். ஆயிரம் ரூபாய் அபராதத்தைக் காலத்துக்கேற்ப உயர்த்தலாம். ‘நெட்’ தேர்வில் மேற்கத்திய இசைக்கு இடமளிக்கலாம். திறமையுள்ள தனியார் பயிற்சி நிறுவனங்களை மாநிலப் பல்கலைக்கழகங்களுடன் இணைத்து, ஆசானையும் பட்டத்தையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவரலாம்.

அதுவரை மாணவரும் பெற்றோரும் தங்களுக்குத் தாங்களே காவல். பட்டம் தருவது யார், அது எந்தச் சட்டத்தின்கீழ்? பாடம் தருவது யார், வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? முன்பு படித்தவர்கள் இன்று எங்கே வாசிக்கிறார்கள்? இந்த மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் விடை வாங்கிய பிறகே முதல் தவணையைக் கட்ட வேண்டும். பொறியியல் மாணவருக்கு அரசு கேட்டுச் சொல்லும் கேள்விகளை இசை மாணவர் தானே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை, கலைக்குப் பெயர்பெற்ற இரு மாநிலங்களுக்கும் பெருமை சேர்ப்பதல்ல.